இருபத்தைந்தாவது ஸ்லைடு

பலவேசத்தின் மொபெட் சத்தம் ஆலடிப்பேரி ஊர் முகப்பில் கேட்டால் போதும், பாதித் தெரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த ஊர் ஜனங்கள் பாம்பைக் கண்டால்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பலவேசத்தைக் கண்டால் நிற்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாகக் கையில் ஊசியும் கண்ணாடிச் சில்லுமாக வந்து விரல் விரலாகக் குத்துகிற மனுஷனை யார்தான் வாங்க அண்ணாச்சி, உட்காருங்க என்பார்கள்?

அவருக்கு அதுதான் உத்தியோகம். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி, பெயர் எழுதி, சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே மைக்ரோஸ்கோப்பில் வைத்து மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக எப்போது இருந்தது என்று கேட்டால் பலவேசமே தலையைச் சொறிவார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் மாதம் நூறு ஸ்லைடு வந்தாக வேண்டும். காய்ச்சல்காரர்களோ தென்காசிக்கு பஸ் ஏறி, ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு, பூவும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இல்லாத ஒன்றை மாதா மாதம் மெனக்கெட்டுத் தேடுவதற்கு ஒரு மன உறுதி வேண்டும். அது பலவேசத்திடம் முதல் எட்டு வருஷம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வேலையில் இருக்கிற எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பலவேசம் செய்தார். மாதக் கடைசியில் எத்தனை குறைகிறதோ அத்தனைக்கும் தன் விரலையே குத்தி ரத்தம் எடுப்பார். வாக்காளர் பட்டியலைப் பார்த்து ஸ்லைடுக்கு ஒரு பெயர் எழுதுவார். பெயர் பலவாக இருந்தாலும் ரத்தம் ஒன்றுதான். எல்லாம் நெகட்டிவ் என்று வரும், அவரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார். ஐம்பது வயதில் சர்க்கரை வந்து சேர்ந்தது. குத்தின இடம் ஆறாமல் பத்து விரலும் புண்ணாயிற்று. அதிலிருந்து மாதக் கடைசி வந்தாலே எந்த விரலில் இடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

லேபில் இருந்தவள் சுகந்தி. வந்து மூன்று வருஷம் ஆகிறது. காலையில் வந்தால் மைக்ரோஸ்கோப்பின் மேல் கவிழ்ந்தவள் சாயங்காலம்தான் நிமிர்வாள். அவள் அப்படியே தூங்குகிறாள் என்று பலவேசம் நினைத்தார். பத்து வருஷமாக ஒன்றுமே வராத ஸ்லைடை எந்தப் பைத்தியக்காரி உட்கார்ந்து பார்ப்பாள் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷம் ஆடி மாதம் குற்றாலத்தில் நல்ல சாரல். கூட்டம் அலைமோதியது. கூட்டம் வந்தால் குரங்கும் வரும். பையைப் பிடுங்குகிறது, பிள்ளைகளைப் பிறாண்டுகிறது என்று லாட்ஜ்காரர்கள் புகார் கொடுக்க, வனத்துறையினர் கூண்டு வைத்துப் பிடித்து உள்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விடுவதற்கு முன் அந்தக் குரங்குகளிடம் ரத்தம் எடுக்க, சென்னையிலிருந்து ஸ்ரீவித்யா என்ற ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். கை நடுங்காமல் ரத்தம் எடுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் கூட வேண்டும் என்று அவள் கேட்க, யாரோ பலவேசத்தைக் கைகாட்டிவிட்டார்கள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனார். மயக்க ஊசி போட்ட குரங்குகளை வரிசையாகச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். ஒன்றின் கையைப் பிடித்தபோது அவருக்கு என்னவோ போல் இருந்தது. நகம், ரேகை எல்லாம் அப்படியே சின்னப் பிள்ளையின் கை. எதற்கு இந்த ரத்தம் என்று அவர் கேட்கவில்லை. வெறிநாய்க்கடி மாதிரி ஏதோ ஒரு நோய்க்கு இருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். குரங்குக்கும் மலேரியா உண்டு, குரங்குக்கென்றே தனியாக உண்டு என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இருபத்தாறு வருஷ சர்வீஸ் அவருக்கு.

"மிச்சக் குழாய்ல எல்லாம் பிளீச்சிங் ஊத்திக் கொட்டிடுங்க சார்" என்று ஸ்ரீவித்யா சொல்லிவிட்டு ஜீப் பக்கம் போனாள். மூன்று குழாய்கள் மிச்சம். இரண்டைக் கொட்டினார். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சேர்த்த, ஊதா மூடி போட்ட மூன்றாவது அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. தென்காசியில் அவர் வீட்டு ஃபிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் இரண்டு நாள் இருந்தது.

அந்த மாதம் அவருக்கு இருபத்தைந்து ஸ்லைடு குறைந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாசலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, குரங்கு ரத்தத்தில் இருபத்துநாலு தடவினார். விரல் வலிக்காமல் வேலை முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் பாக்கி வைத்தார். ஆலடிப்பேரியில் அவருடைய அக்காள் குருவம்மாளின் மகன் சுடலைமணிக்குக் காய்ச்சல் என்று முந்தின நாள் கேள்விப்பட்டிருந்தார்.

குருவம்மாள் பீடி சுற்றுகிறவள். புருஷன் போய்ப் பத்து வருஷம். இருபத்தாறு வயது சுடலைமணி ஒருவன்தான் அவளுக்கு எல்லாம். அவன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் போய் எட்டு மாதம் கழித்து, அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் ஊருக்கு வந்திருந்தான்.

"வா தம்பி" என்றாள் குருவம்மாள். "இவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கி. அங்கனயே பத்துப் பதினஞ்சு நாளா இருந்துருக்கு. கடையில மாத்திர வாங்கித் தின்னுக்கிட்டு வந்துருக்கான். என்னன்னு பாரு."

சுடலைமணி போர்வையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "என்ன மாமா, ஆளு கெடைக்காம வீடு தேடி வந்து குத்த ஆரம்பிச்சிட்டியளா?" என்று சிரித்தான். உதடு வெளிறியிருந்தது.

"அங்க எங்கலே படுப்பிய?"

"லாரிக்கு அடியிலதான். காட்டோரம். கொசு தூக்கிட்டுப் போயிரும் மாமா."

இதைக் கேட்டதும் பலவேசத்தின் மண்டைக்குள் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. சாரல் நேரம், ஊரெல்லாம் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு விரலைக் குத்தி, ஒழுங்காக ஒரு ஸ்லைடு தடவினார். அந்த மாதம் கடைசி வாரத்தில் அவர் ஒழுங்காக எடுத்த ஒரே ஸ்லைடு அது. கை கழுவ வெளியே வந்தவர் சிமெண்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மற்றக் கொசுப்புழு தண்ணீரில் தலைகீழாகத் தொங்கும். இங்கே சில புழுக்கள் தண்ணீர் மட்டத்தில் கிடைமட்டமாகப் படுத்துக் கிடந்தன. மலேரியாக் கொசுவின் புழு அப்படித்தான் படுக்கும்.

"எக்கா, தொட்டிக்கு மருந்து ஊத்தட்டா?"

"ஊத்தாத. போன தடவ ஊத்துனதுல ரெண்டு நாளு சோத்துல வாட அடிச்சிச்சி."

சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் நூறு ஸ்லைடையும் பெட்டியோடு சுகந்தியின் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு சுகந்தி போன் செய்தாள். "அண்ணாச்சி, எங்க இருக்கிய? உடனே வாங்க. ஒங்க பெட்டியில இருபத்தஞ்சு பாசிட்டிவ்."

பலவேசத்துக்கு முதலில் புரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. காலை ஆறு மணிக்கே வந்து மூன்று தடவை பார்த்திருக்கிறாள். பாசிட்டிவ் வந்தால் உடனே மேலே தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி, அவள் சொல்லிவிட்டாள். பத்து வருஷமாக ஒன்றுமில்லாத இடத்தில் ஒரே ஊரில் இருபத்தைந்து என்றால் மேலே இருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு மணிக்கெல்லாம் எபனேசர் என்ற அதிகாரி இரண்டு ஜீப்பில் ஆட்களோடு ஆலடிப்பேரிக்கு வந்து இறங்கிவிட்டார். ரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் கோடு காட்டுகிற கிட் கைவசம் கொண்டு வந்திருந்தார்கள்.

அன்றைக்கு அந்த ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! லிஸ்டில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட, "நான் எப்போ ரத்தம் குடுத்தேன்?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். குத்திப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பதினெட்டாவது பெயர் முத்துவடிவு. அந்த ஆச்சி பங்குனி மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள். "செத்தவளுக்கும் மலேரியாவா? சுடுகாட்டுலயும் கொசு கடிக்கா?" என்று ஒருவன் கேட்டான். எபனேசர் திரும்பிப் பலவேசத்தைப் பார்த்தார். 

பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி விசாரித்தார்கள். பலவேசம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். எபனேசர் அங்கேயே ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டார். "நாங்க பார்த்ததுல பாதிக் குரங்குக்கு மேல இருக்கு சார். அதுக்குன்னே உள்ள மலேரியா. அதுங்களுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது" என்று அவள் சொன்னது பலவேசத்துக்கும் கேட்டது. எபனேசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் என்று பலவேசத்துக்குத் தோன்றியது. மலேரியா இல்லை, வெறும் திருட்டுத்தனம்தான். அதை எப்படியாவது பூசி மெழுகிவிடலாம்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டார். "எழுதுங்க. இருபத்தஞ்சு ஸ்லைடும் குரங்கு ரத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"சார், அதுல ஒண்ணு மட்டும்..."

"ஒண்ணு மட்டும் என்ன?"

"ஒண்ணு நெசமாவே எடுத்தது சார். எங்க அக்கா மகன். சுடலைமணின்னு."

"அவன் எங்கே? செத்துப்போன ஆச்சியைத் தவிர லிஸ்ட்ல அவன் மட்டும்தான் டெஸ்டுக்கு வரலை."

பலவேசம் வெளியே ஓடிப்போய் அக்காளிடம் கேட்டார். காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பு தெம்பாக இருக்கிறது, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற கூட்டாளியோடு குற்றாலத்துக்குப் போயிருக்கிறான், சீசன் முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொள்ளலாமா என்று பார்க்கப் போயிருக்கிறான் என்றாள். மலேரியாக் காய்ச்சலின் குணமே அதுதான். ஒரு நாள் ஆளை உருட்டி எடுத்துவிட்டு மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி விலகி நிற்கும். இதைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினவர் பலவேசம்.

"மலேரியாக்காரன் அருவியில குளிக்கப் போவானா?" என்றார் எபனேசர். "இங்க பாருங்க. இருபத்தஞ்சும் குரங்கு ரத்தம்னா இது ஒரு எச்சரிக்கையோட முடியும். வயசானவர்னு நானும் பேசிப் பார்ப்பேன். இருபத்துநாலுதான்னு எழுதினா, ஒரு நிஜக் கேஸ் ஆயிடும். ஃபைல் மேல போகும். மத்த இருபத்துநாலும் ஏன் பொய்னு கேப்பாங்க. சஸ்பெண்ட், போலீஸ், எல்லாம் வரும். உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"நாலு சார்."

"நீங்க தடவின இருபத்துநாலு பொய், ஒண்ணு மட்டும் உண்மைன்னு உங்க வாயால சொல்றீங்க. யார் நம்புவா? நீங்களே சொல்லுங்க."

பலவேசத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரே மேஜையில், ஒரே பெட்டியில் வைத்த கண்ணாடிதானே, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம் என்றுகூட அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனுஷனுக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு சின்னச் சந்து தெரிந்தால் போதும், தலையைக் கொடுத்துவிடுவான். நாளைக்குக் காலையில் வந்து பையனிடம் இன்னொரு ஸ்லைடு எடுத்துவிட்டால் போயிற்று. எழுதினார். கையெழுத்துப் போட்டார். பயத்திலும் அவருடைய கையெழுத்து அழகாகத்தான் விழுந்தது.

சாயங்காலம் சுடலைமணிக்குப் போன் செய்தார். பின்னால் அருவி இரைந்தது. "நல்லா இருக்கேன் மாமா! தண்ணி அருமையா விழுது. நீங்களும் வாங்களேன்!" என்று கத்தினான். பலவேசம் சுவாமி படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை. போயிருக்க வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் போன் போட்டு, "என்ன அண்ணாச்சி, கொரங்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான். அதற்குள் அவருக்குக் குரங்கு ரத்தம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். எட்டு மணிக்குப் போனின் சத்தத்தை அடக்கி பீரோவுக்குள் போட்டார். ஆலடிப்பேரித் தெருவில் இன்றைக்கு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனால் எத்தனை பேர் சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். ஒரு நாள் ஆறட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போனை எடுத்தார். இருபது தவறிய அழைப்புகள். குருவம்மாள் பதினான்கு, ஞாயிறு மத்தியானத்திலிருந்து. சுகந்தி ஆறு.

அவர் போய்ச் சேர்ந்தபோது சுடலைமணியை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு நினைவு இல்லை. கண் மேலே செருகியிருந்தது, பல் கிட்டிப் போயிருந்தது. "நேத்து மத்தியானம் காய்ச்சலோட திரும்பி வந்தான். ராத்திரியே பெனாத்த ஆரம்பிச்சிட்டான். ஒனக்குப் போன் போட்டேனலே, போட்டேனலே" என்று குருவம்மாள் அவர் சட்டையைப் பிடித்தாள். பலவேசம் கூடவே ஏறிக்கொண்டார். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பறந்தது. மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது, ஊசி போடுங்கள் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வேலை போனால் போகட்டும், ஜெயிலுக்குப் போனாலும் போகட்டும். பாவூர்சத்திரம் ரயில்வே கேட்டைத் தாண்டினதும் ஆம்புலன்ஸ் உதவியாளர் பையன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னான். அவர் சொல்ல வேண்டியதைக் கேட்க அங்கே டாக்டர் யாரும் இல்லை.

காய்ச்சலில் போனான் என்று ஊர் சொன்னது. அருவியில் நனைந்ததுதான் ஆகாமல் போயிற்று என்றும் சொன்னது. அன்று சாயங்காலமே சுடுகாட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. இனி யாரும் எந்த ரத்தத்தையும் எடுத்துப் பார்க்க முடியாது.

பதினாறாம் நாள் கழிந்து பலவேசம் வேலைக்குப் போனார். சுகந்தி அவரை லேபுக்குள் கூப்பிட்டு, பேசாமல் ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். "பாருங்க அண்ணாச்சி" என்றாள். குனிந்து பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அதற்குள் பார்ப்பது அதுதான் மூன்றாவதோ நான்காவதோ தடவை. இளஞ்சிவப்பு வட்டங்களுக்குள்ளே நூலால் கட்டின மாதிரி சின்னச் சின்ன மோதிரங்கள். சில வட்டத்தில் இரண்டு இருந்தன.

"இருபத்துநாலும் ஒரே ரத்தம், ஒரே மாதிரி. பெருசு பெருசா இருந்துச்சி" என்றாள் சுகந்தி. "இது மட்டும் வேற. இது மனுசனக் கொல்லுற சாதி. அன்னைக்குக் காலையில இருபத்தஞ்சையும் பாத்தப்ப பதட்டத்துல எனக்கு ஒறைக்கல. சனிக்கெழம சாயங்காலம் திரும்ப ஒவ்வொண்ணா பாத்தப்பதான் தெரிஞ்சுது. அதிகாரிக்குப் போன் பண்ணுனேன். கையெழுத்து வாங்கியாச்சி, வேலையப் பாருன்னாரு. ஒங்களுக்கு ஞாயித்துக்கெழம பூரா அடிச்சேன். எடுக்கல. ஊருல போயி விசாரிச்சா ஒம்பது சுடலைமணி இருக்கான். திங்கக்கெழம காலையில நான் வீட்டக் கண்டுபிடிச்சிப் போறேன், ஆம்புலன்ஸு போயிருச்சிங்காவ."

பலவேசம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழுகை வரவில்லை. "அந்த ஸ்லைடத் தூரப் போட்டுரும்மா" என்றார்.

"போட மாட்டேன்" என்றாள் அவள்.

நிஜக் கேஸ் இருந்திருந்தால் அந்த வீட்டைச் சுற்றிப் புகை அடித்திருப்பார்கள், தொட்டிக்கு மருந்து ஊற்றியிருப்பார்கள், தெருவில் எல்லோரையும் குத்திப் பார்த்திருப்பார்கள். காகிதத்தில் கேஸ் இல்லை, அதனால் யாரும் வரவில்லை. பலவேசமும் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்காளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. தொட்டியில் புழு படுத்துக் கிடந்து, கொசுவாகிப் பறந்துபோயிற்று.

ஐந்தாவது வாரம் குருவம்மாளுக்குக் காய்ச்சலோடு குளிர் நடுக்கம் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னதும் பலவேசம் பெட்டியோடு ஓடினார். அவள் விரல் பீடி சுற்றிக் காய்த்துப்போயிருந்தது, இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. ஸ்லைடை எடுத்துக்கொண்டு நேரே லேபுக்குப் போனார். சுகந்தி அதை வாங்கவில்லை.

"இது யாரு ரத்தம் அண்ணாச்சி?"

"எங்க அக்கா ரத்தம்மா. சத்தியமா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கிட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நானே வந்து எடுக்கேன்" என்றாள். அவள் வந்து, அவளே குத்தி, அவளே பார்த்தாள். கோடு விழுந்தது. "இந்தத் தடவ நான் எழுதிட்டேன். இனி யாரு வந்து என்ன சொன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் மாத்திரை அட்டையைப் பலவேசத்தின் கையில் கொடுத்தாள். சாப்பிடவைத்து, கண்ணுக்கு முன்னால் விழுங்கவைக்க வேண்டும் என்றாள்.

இரண்டு நாள் அப்படியே நடந்தது. பலவேசம் காலையும் மாலையும் போய் மாத்திரையைக் கொடுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் போனபோது குருவம்மாள் எழுந்து, தலை முடிந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது. பலவேசம் தண்ணீர்ச் செம்பையும் மாத்திரை அட்டையையும் நீட்டினார். அவள் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வந்தது என்னதுலே?"

"மலேரியாக்கா."

"நான் ஊரத் தாண்டிப் போகலியே. எப்படி வந்துது?"

"கொசுதான்க்கா கொண்டு வரும். இருக்கிற ஆளக் கடிச்சி, அந்த ரத்தத்தக் குடிச்சி, பத்துப் பன்னெண்டு நாளு கழிச்சி அடுத்த ஆளக் கடிக்கும்போது..." பள்ளிக்கூடங்களில் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வார்த்தைகள். அவை தானாகவே வந்துவிட்டன. பாதியில் நிறுத்தினார்.

"இருக்கிற ஆளுன்னா? இந்த வீட்டுல வேற யாரு இருந்தா?"

 அவள் ரொம்ப நேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி சுற்றுகிறவளுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது?

"அவனுக்கும் இதுதானா?"

"ஆமாக்கா."

"நீ அவனுக்கு ரத்தம் எடுத்தியே."

"எடுத்தேன். அதுல இருந்துச்சி. மறுநாளே தெரிஞ்சு போச்சி."  இனி அவரால் நிறுத்த முடியவில்லை. "அதுவும் கொரங்கு ரத்தம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வேல போயிரும்னு பயந்துட்டேன்க்கா."

குருவம்மாள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், செம்பைத் தூக்கி எறிவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்று வரிசை, இரண்டு காலி.

"மூணே மூணு நாளா?" என்றாள். "இவ்வளவுதானா இதுக்கு?"

"எக்கா, அத முழுங்கிரு. இன்னைக்குள்ளத விட்டா திரும்ப வந்துரும்."

"வரட்டும். அவன்ட்ட இருந்து வந்ததுதான? எங்கிட்டயே கெடக்கட்டும்."

கையிலிருந்த மாத்திரை அட்டையை அவர் சட்டைப் பைக்குள் போட்டாள். பீடித் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு இலையை வெட்ட ஆரம்பித்தாள். பலவேசம் எக்கா எக்கா என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"போலே. போயி, எனக்கு உள்ளதும் கொரங்கு ரத்தம்னு எழுதிக் குடுத்துரு" என்றாள்.